சம்பந்தி

வியாழக்கிழமை மூன்றரைக்கு
மாடிக் கொடியில் ஒரு கைக்குட்டைகூட இருக்கக் கூடாது.
பொழிச்சலூரில் யாரும் எழுதிவைக்காத சட்டம்.
சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம்
இறக்கை இல்லாத இரும்பு விமானத்தை
மறுபடியும் கொளுத்துவார்கள்.

அது எங்கிருந்தும் வந்ததில்லை.
எங்கேயும் போகப்போவதுமில்லை.
டீசல் ஊற்றிய குழியில்
நின்ற இடத்திலேயே எத்தனை தடவை விழுந்துவிட்டது!

முதலில் தும்மல் மாதிரி ஒரு சத்தம்.
அப்புறம் கறுப்பு,
தொட்டால் விரலோடு இழுபடுகிற கறுப்பு.
கோயில் கோபுரம், செல்போன் டவர்
பேதம் பார்க்காமல் போர்த்திக்கொண்டு
அடையாற்றுப் பக்கம் சாய்கிறது.

ஏழே நிமிஷம்தான் அக்கா, என்பார் எபினேசர்.
எங்கள் மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறார்,
ஏர்போர்ட் தீயணைப்பில் வேலை.
ஏழு நிமிஷத்தில் அணைத்துவிடுகிறார்கள், வாஸ்தவம்.
என் துடைப்பத்துக்கு அது தெரிவதில்லை.
தொட்டி மூடி, ஏசியின் முதுகு,
காயப்போட்ட மிளகாய்.
ஹசீனா வீட்டு வெள்ளைக் காரில்
யாரோ விரலால் எழுதியிருக்கிறார்கள்:
கழுவு.

வாரியத்துக்கு இரண்டு கடிதம் போட்டேன்.
முதல் கடிதத்துக்கு ஒரு எண் வந்தது.
இரண்டாவதற்கு,
அந்த எண்ணைக் குறிப்பிடவும் என்று வந்தது.

போகிக்கு முந்தின நாள் மட்டும்
ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு
தெருவுக்கே வந்துவிடுவார்கள்.
பொதுமக்களே, டயர் எரிக்காதீர்கள்,
பிளாஸ்டிக் எரிக்காதீர்கள்,
புகை வந்தால் ஓடுபாதை தெரியாது.
சரி என்றுதான் பழைய பாயைக்கூட
குப்பை வண்டியில் போட்டேன்.
அங்கிருந்து இங்கே வரும் புகைக்கு
மைக் கிடைக்கவில்லை போல.

உள்ளே பொம்மை இருக்குமாமே?
படியில் நிறுத்திக் கேட்டேன்.
இருக்கும் அக்கா, அறுபத்தைந்து கிலோ.
சம்பந்தின்னு பேர் வெச்சிருக்கோம்.
தலை தட்டாம, கால் இழுபடாம
மரியாதையா இறக்கணும்.
குறை வெச்சா
திரும்பக் கொளுத்தச் சொல்வாங்க.

சிரித்தேன். பாதியில் இருமலாகிவிட்டது.
அவருக்கும்.
கைப்பிடிச் சுவரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றோம்.

கேஸ்ல எரிச்சா இவ்வளவு புகை வராது,
ஃபைல் போயிருக்கு, என்றார்,
கண்ணைத் துடைத்தபடி.

இரவு பதினொன்றரைக்கு
வளைகுடா விமானம் தாழ வருகிறது.
ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது.
என் தம்பி அதில்தான் லீவுக்கு வருவான்.
சக்கரம் தரையைத் தொடும் சத்தம் கேட்கும்வரை
மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்,
வியாழக்கிழமை பிடிப்பது போலவே.

அணைக்கப் பழகாதீர்கள் என்று
எப்படி எழுதுவது?
மூன்றாவது கடிதம்
'ஐயா' போட்டு, காற்புள்ளியும் வைத்து,
மேஜையில் கிடந்தது.

காலையில் இரண்டு காற்புள்ளி.
ஒன்றைத் துடைத்தேன்.
இழுபட்டது.