கே 3306

டுலூத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன் நான்.
ஏப்ரல் பாதியில் வேலை தீர்ந்துவிடும்.
அப்படியொரு ஏப்ரலில்
யாரோ செத்த வீட்டுச் சாமான் விற்பனையில்
நாற்பது டாலருக்கு வாங்கினேன் இந்த ராணுவக் கோட்டை.
கனத்த கம்பளி. முழங்காலுக்குக் கீழே இறங்கும்.
மாட்டினால்
கொக்கி கொஞ்சம் யோசிக்கும்.

கழுத்துக்குக் கீழே, உள்துணியில், சலவைக் குறி:
கே. மூன்று மூன்று சைபர் ஆறு.
குடும்பப் பெயரின் முதல் எழுத்து,
படை எண்ணின் கடைசி நான்கு இலக்கம்.
தொலைந்துபோகக் கூடாதென்று குத்தியது,
துணிக்காக.
ஆளுக்காக அல்ல.

செயின்ட் லூயிஸுக்கு எழுதினேன்.
எழுபத்து மூன்றில் தீ விபத்து,
நீங்கள் கேட்கும் கோப்புகள் அதில் போயின
என்று பதில் வந்தது.
வருந்துகிறோம் என்றும் இருந்தது, அச்சில்.

பிறகு சேர்க்கைப் பதிவேடுகள். இரண்டு குளிர்காலம்.
இரவு ஷிப்ட் முடிந்து வந்து
பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
மினசோட்டாவின் கே-க்களை வரிசையாகப் படித்தேன்.
மூன்று பேர் தேறினார்கள்.

கிளாரன்ஸ் க்யெல்பர்க், ஐந்தடி மூன்றங்குலம்.
இந்தக் கோட்டுக்குள் விழுந்தால் தேடி எடுக்க வேண்டும்.
லெனர்ட் குஸ்னியார் பசிபிக் தீவுகளுக்குப் போனவன்,
அங்கே கம்பளிக்கு என்ன வேலை?
எய்னோ கார்வோனன். பண்ணைக் கூலி. படிப்பு எட்டாவது.
ஆறடி ஒன்று.
அன்று காலை காபி ஆறிப்போனது எனக்குத் தெரியாது.

இதற்கிடையில் கோட்டைச் சீர்செய்துகொண்டிருந்தேன்.
வலது பைக்கு மேலே ஒரு பழுப்புக் கறை.
ரத்தம் என்று முடிவு செய்து
அதற்கு பெல்ஜியம் என்று பெயரும் வைத்திருந்தேன்.
மேலிருந்து மூன்றாவது பொத்தான் மட்டும் தப்பு.
மற்றதெல்லாம் கழுகு பொறித்த பித்தளை,
இது பச்சை, ஏதோ பெண்ணின் கோட்டிலிருந்து வந்தது.
கறுப்பு நூல், கோணல் தையல்,
தேவைக்கு மேல் எட்டுச் சுற்று.
பிளேடால் அறுத்தேன்.
ஓஹையோவிலிருந்து அசல் கழுகு வந்தது, பதினெட்டு டாலர்.
இப்பதான் முழுசாச்சு என்றான் ராண்டி.

எய்னோவின் மகள் மார்லிஸ்
ஃப்ளட்வுட்டில் இருக்கிறாள், எழுபத்தெட்டு வயது.
தொலைபேசியில் பின்னால் ஒரு நாய் இருமியது.

"அப்பாவா? மிசௌரி முகாமில ரொட்டி சுட்டார்.
மூணு வருஷம். கடலையே பாக்கல."

கறையைச் சொன்னேன்.
"பீட்ரூட்டா இருக்கும். இல்லன்னா கன்னுக்குட்டி.
பசு ஈனுற ராத்திரியெல்லாம் அதைத்தான் போட்டுப்பார்."

பெல்ஜியம்
என் மேசையிலிருந்து மெல்ல இறங்கிப் போனது.

"சர்ச் சந்தைக்கு யாரோ தூக்கிக் கொடுத்துட்டாங்க,
எனக்குத் தெரியாம.
கோட்டு வேண்டாம், நீங்களே வெச்சுக்குங்க."
கொஞ்ச நேரம் நாய் மட்டும்.
"அந்தப் பச்சைப் பொத்தான் இருக்கா இன்னும்?
அம்மாவோட கோட்டுப் பொத்தான் அது.
அவங்க போன குளிர்காலத்துல அப்பாவே தெச்சார்.
ஊசி பிடிச்சுப் பழக்கமில்லாத கை.
விழுந்துடக் கூடாதுன்னு சுத்திக்கிட்டே இருந்தார்,
நான் போதும்ப்பான்னு சொல்ற வரைக்கும்."

இருக்கிறது என்றேன்.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
கராஜுக்கு நடந்தேன்.
திருகாணி ஜாடியைப் பெஞ்சில் கவிழ்த்தேன்.
ஆணி, வாஷர், வண்டி ஃப்யூஸ்,
மூன்று பச்சைப் பொத்தான்கள்.

"எத்தனை துளை, ஞாபகம் இருக்கா?"

"துளையா?" என்றாள் மார்லிஸ்.
"எனக்கு நூல்தான் ஞாபகம்."

ஒவ்வொன்றாக விளக்கடியில் பிடித்துப் பார்க்கிறேன்.
ஒரு துணுக்கு நூல் இல்லை எதிலும்.
சுத்தமாக வேலை செய்கிறவன் நான்.