எல்லைக்கோட்டுக்காரன் அறிக்கை

படிவத்தில் ஏழாவது கேள்வி:
‘பார்வையாளர் பகுதியில்
அரசியல் சின்னம் ஏதும் காணப்பட்டதா?’
ஆம், இல்லை.
ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும்.

காணப்பட்டது.
பாளையங்கோட்டை, கிழக்குப் படிக்கட்டு,
அறுபத்து மூன்றாம் நிமிடம்.
கறுப்புத் துணி. பாவாடை கிழித்தது போல,
நாடா கோத்த மடிப்பு அப்படியே இருந்தது.
தூக்கிப் பிடித்தவன் பெயர் கஸ்பார்.
மீன்பெட்டி வண்டியில் நாற்பது பேரோடு
விடியுமுன் கிளம்பி வந்தவன்.
சுண்ணாம்பில் எழுதியிருந்தது:
‘தூண்டில் வளைவு எங்கே?’

செயலாளர் தாணுமூர்த்தி சொல்கிறார்:
‘கிரவுண்டுக்குள்ள அரசியல் கூடாதுவே.
பத்தாயிரம் அபராதம், ரெண்டு பாயிண்டு கழிவு.
நீரு பாத்ததை மட்டும் எழுதும்.’
அவர் தலைக்கு மேலே அறுபதடி பேனர்.
கட்சிக்கரை வேட்டியில்
ஒருவர் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.
அது விளம்பரமாம்.
விளம்பரத்துக்குப் படிவத்தில் கேள்வி இல்லை.

ஆனாலும்
தாணுமூர்த்தியை முட்டாள் என்று சொல்ல மாட்டேன்.
நான் பள்ளிக்கூடத்தில் விசில் ஊதுகிறவன்.
த்ரோ எறியக் கை தூக்கும்போது
சட்டைக் கை இறங்கி
மணிக்கட்டுக் கயிறு தெரியும்.
யாருக்கு யார் பாஸ் தர மாட்டான் என்று
கயிற்றின் நிறமே சொல்லிவிடும்.
ஒரு வருடம் அரையிறுதிக்கு
அந்த நிறம் கொடியாகவே வந்தது.
அதன் கம்பு
கொடிக்காக மட்டும் வெட்டியதல்ல.
கொக்கிரகுளம் பாலம் தாண்டுமுன்
ஒரு பையனுக்கு மூன்று விரல் போயிற்று.
அவன் கோல்கீப்பர்.

கறுப்பை விட்டுவிட்டு
நாளைக்கு அந்த நிறத்தை எப்படித் தடுப்பீர்
என்று தாணுமூர்த்தி கேட்டால்
என்னிடம் பதில் இல்லை.
இன்று ராத்திரி வரை இல்லை.

ஆனால் கஸ்பாரின் ஊருக்குப் போயிருக்கிறேன்.
கோவிலுக்குத் தெற்கே அவர்கள் மைதானம்.
முதல் தடவை தொண்ணூறு மீட்டர்,
அடுத்த தடவை அறுபது.
ஆனி ஆடிக் கடல்
முதலில் கார்னர் கொடியைப் பிடுங்கியது,
பிறகு பெனால்டி கட்டம்,
பிறகு தெற்குக் கோல்கம்பம்.
வற்றத்தில் குறுக்குக்கட்டை மட்டும் தெரியும்,
நீர்க்காகம் உட்கார்ந்து சிறகு உலர்த்தும்.
இப்போது ஒற்றைக் கோல் வைத்து ஆடுகிறார்கள்.
அந்த அணியின் தடுப்பாட்டக்காரர்கள்
ஒரு அடி பின்வாங்க மாட்டார்கள்.
பழகிவிட்டது. பின்னால் தண்ணீர்.

என் கையிலும் ஒரு கொடி இருந்தது அன்று,
மஞ்சளும் சிவப்பும் கட்டம் போட்டது.
எனக்குத் தெரிந்த சட்டம் கோடு ஒன்றுதான்.
கறுப்புத் துணி கோட்டைத் தாண்டியதா? இல்லை.
பந்தைத் தொட்டதா? இல்லை.
யாருடைய மணிக்கட்டையாவது தேடியதா? இல்லை.

ஏழாவது கேள்வியில்
இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டு
ஓரத்தில் எழுதினேன்:
‘தெற்குக் கோல்கோடு காணவில்லை.
விசாரிக்கவும்.’

தாணுமூர்த்தி படித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடியும் படித்தார்.
‘எந்த கிரவுண்டைவே சொல்லுதீரு?’