ஐந்தாண்டு உத்தரவாதம்

இரவு மூன்று மணி.
யாரோ போய்விட்டு வந்ததுபோல்
தொட்டி தானாக நிரம்புகிறது.
பத்து விநாடி. நிறுத்தம்.
இருபது நிமிடம் கழித்து மறுபடியும்.
வீட்டில் நான் ஒருத்திதான்,
நான் படுக்கையில் இருக்கிறேன்.

துலூத்தில் பிப்ரவரி.
கண்ணுக்கு எட்டும்வரை ஏரி உறைந்து கிடக்க
இந்த ஊரில் நிற்காமல் ஓடும் தண்ணீர்
என் வீட்டில்தான் என்று
வாரியத்துக்குத் தெரிந்துவிட்டது.
பில்லில் தொகையின் கீழே
மஞ்சள் கோடு போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

பள்ளிப் பேருந்துச் சாவியை ஒப்படைத்துவிட்டு
பூட்ஸில் பனியோடு
கார்டி ஸ்காரின் கடைக்குப் போனேன்.
பிளாஸ்டிக் பையில் செத்த ஃப்ளாப்பர்,
ஒன்றரை வருடத்தில் மூன்றாவது.
அட்டையில் ஐந்தாண்டு உத்தரவாதம்.
ரசீதும் வைத்திருந்தேன்.
ரப்பருக்கு முன்பே
ரசீது வெளுத்துவிட்டிருந்தது.

கார்டி அதை இரு விரலால் நசுக்கினார்.
விரலில் மை.
"நீல மாத்திரை போடுகிறாயா, மார்லிஸ்?"
குடிப்பழக்கம் கேட்கும் டாக்டரின் குரல்.
"எப்போதாவது," என்றேன்.
தன் கறுத்த விரல்களையே
கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதம் ஒரு ஞாயிறு வரும் நாத்தனார் வெர்னா
மூக்கைச் சுளிக்கக் கூடாதென்று போடுவது.
அவள் தம்பி என்னை விட்டுப்போய் நாலு வருடம்;
அவள் வருவதை நிறுத்தவில்லை.

கவுண்டருக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்:
சிவப்பு சிலிக்கான், கனமானது,
மூன்று மடங்கு விலை.
"இதுவும் போதாது.
அது உட்காரும் விளிம்பைத்
தடவிப் பார்த்திருக்கிறாயா?"

இல்லை.

குழாயை அடைத்து, தொட்டியை வற்றவைத்து
முழங்கைவரை உள்ளே விட்டேன்.
குளிர் எலும்பில் ஏறியது.
கண் காணாத இடத்தில், பின்பக்கம்,
விரலுக்குத் தட்டியது:
ஒரு கீறல், நகக்கண் அளவு.

டேல் ஸ்க்ரூடிரைவரால் நெம்பிய நாள் ஞாபகம் வந்தது.
"சரியாகிவிட்டது," என்று
கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.
அன்றிலிருந்து
ரப்பரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

நீர்க்காகிதம் வைத்து
தேய்த்தேன், தடவினேன், தேய்த்தேன்.
வழவழப்பு வந்ததா
விரல் மரத்துவிட்டதா
தெரியவில்லை.
சிவப்பை மாட்டினேன். சங்கிலியில் ஒரு கண்ணி தளர்வு.
ஈஸ்டர் முட்டைக்கு வாங்கிய பச்சைச் சாயம்
ஆறு சொட்டு தொட்டியில்.
கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும்.
குளியல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து
கிண்ணத்தைப் பார்த்தபடி இருந்தேன்;
ஒரு கழிவறையை
இவ்வளவு நம்பிக்கையோடு
யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

வெள்ளையாகவே இருந்தது.

ரசீதைப் படம் எடுத்து வைத்தேன்.
மூன்று மணிக்கு விழிப்பு வந்தது, பழக்கத்தில்.
எதுவும் கேட்கவில்லை.
பனி வாரும் வண்டி மட்டும் தொலைவில்.

ஞாயிறு வெர்னா உள்ளே போனவள்
கதவைத் திறக்காமலே கேட்டாள்,
"நீலம் எங்கே?"

"ரப்பருக்கு ஆகாது," என்றேன்,
வீட்டில் ஒரு நோயாளி
தேறிக்கொண்டிருப்பதுபோல
குரலைத் தாழ்த்தி.