கதவின் ரசீது

பங்காளிகள் முப்பத்தொரு பேர்.
இருபத்தாறு கையெழுத்து வந்துவிட்டது.
ஈப்போவிலிருந்து வந்தது தலைகீழாக இருந்தது,
நோட்டைத் திருப்பி ஒட்டினேன்.
பெங்களூர்க்காரர் இரண்டு நீலக் குறியோடு சரி.
அடைக்கப்பண்ணன் மகன் கேட்டான்:
ஓடு மாற்ற என் பங்கு எவ்வளவு?
தொண்ணூற்றாறில் ஒன்று.
அது எந்த ஓடு என்று காட்டுங்கள்,
அதை மட்டும் மாற்றிக்கொள்கிறேன்.
சிரித்தேன்.
அவன் சிரிக்கவில்லை.

கட்டிக்கொடுத்த பெண் நான்.
பட்டியலில் எனக்கு வரி கிடையாது.
சட்டப்படி உண்டு என்றார் வக்கீல்.
கேட்டால் அப்புறம்
ஓட்டைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.
கேட்கவில்லை.

முட்டைக்கரு பூசிய சுவராமே என்று
கோனாப்பட்டுக்கு வருகிறவர்கள் தடவிப் பார்ப்பார்கள்.
தடவிய உயரத்துக்குக் கருத்துக் கிடக்கிறது சுவர்.

எங்கள் சங்கம் நாலு பேர்.
நான், தபாலாபீஸ் ரோஸ்மேரி, கொத்தனார் வெள்ளைக்கண்ணு,
சனிக்கிழமை மட்டும் வரும் கல்லூரிப் பையன்
(அவனிடம்தான் கேமரா).
பெட்டக அறை திறந்து
ஒவ்வொன்றாய்த் துடைத்து எழுதுகிறோம்.

உருப்படி 212: குத்துவிளக்கு, ஒரு முகம் இல்லை.
213: எனாமல் தட்டு, நாற்பதுக்கு முப்பத்தேழு.
214: சாவி. எதற்கென்று தெரியாது.
215: சாவி. எதற்கென்று தெரியாது.

301-இல் நின்றோம்.
இரண்டாம் கட்டு வாசலில்
நிலை இருந்தது. குடுமிக் குழி இருந்தது.
கதவு இல்லை.
வீடு பூட்டிக் கிடந்த வருடங்களில் போயிருக்கிறது.
விற்றவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும்.
அவர் கையெழுத்தும் எங்களுக்கு வேண்டும்.
அதனால் யாருக்கும் தெரியாது.

காரைக்குடியில் ஏழாவது கடை.
ஒரு பியானோவுக்கும் பல் டாக்டர் நாற்காலிக்கும் நடுவே
சாய்ந்து நின்றது.
மேல்சட்டத்தில் உளியால் வெட்டிய விலாசம்,
மூனா ரூனா சோனா.
பின்பக்கம் கரியில் பால்கணக்கு:
அரைப்படி, அரைப்படி, ஆழாக்கு,
ஒரு நாள் மட்டும் 'வரலை'.

இது எங்கள் கதவு என்றேன்.
கடைக்காரர் உமர் கத்தாப் நாற்காலி இழுத்துப் போட்டார்.
"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லிக்கிட்டு வர்றாக.
பதினோரு வருசமா எண்ணெய் போட்டது நான்.
கரையான் அண்ட விடல.
ஒருத்தர் பாலிஷ் போட்டுக் கேட்டாரு,
கணக்கு அழிஞ்சிருமேன்னு குடுக்கல.
யாரு வீட்டுப் பாலோ, எனக்கென்ன?
ஆனா குடுக்கல."

எங்கள் வீட்டில் மிச்சமிருந்த கதவுகளை நினைத்துக்கொண்டேன்.
விரல் வைத்தால் உள்ளே போகும்.

எண்பதில் தொடங்கி ஐம்பத்திரண்டில் நின்றது.
சங்கப் பெட்டியில் பதினோராயிரத்து நானூறு.
மீதி என்னுடையது,
எந்த வளையல் என்று கேட்காதீர்கள்.

ரசீது யார் பேருக்கு என்றார்.
ரோஸ்மேரி என்னைப் பார்த்தாள்.
சங்கம் பதிவாகவில்லை.
முப்பத்தொரு பெயர் எழுத அந்தத் தாளில் இடமில்லை.
உமையாள் என்று எழுதினார்.
ஒரே வரி.

மினி லாரியில் கூடவே வந்தேன்,
பழைய போர்வை சுற்றிய கதவைப் பிடித்தபடி.
வெள்ளைக்கண்ணு தூக்கிப் பொருத்தினார்.
குடுமி குழியில் இறங்கியபோது
வீடு ஒருமுறை தொண்டையைச் செருமியது.

விற்றவர் மறுநாள் வந்தார்.
பித்தளைக் குமிழ்களை எண்ணினார், மறுபடி எண்ணினார்.
"பாலிஷ் போட்டிருக்கலாம்" என்றார்.
பேனா கேட்டார்.
இருபத்தேழு.

நோட்டில் உரிமை என்றொரு கட்டம்.
முந்நூறு உருப்படிக்கும் 'பொது' என்றெழுதிய கை
301-இல் கொஞ்சம் நின்றது.
பிறகு 'பொது' என்றுதான் எழுதினேன்.
ரசீதை மட்டும்
கிழித்துப் போடவில்லை.

மழை இரவுகளில் இரண்டாம் கட்டு இன்னும் ஒழுகுகிறது.
எண்ணெய் குடித்த கதவு, நன்றாகச் சாத்துகிறது.
சாத்தினால் வாளியில் விழும் சொட்டு
முகப்பில் உட்கார்ந்திருக்கும் பங்காளிகளுக்குக் கேட்காது.

திறந்தே வைத்திருக்கிறேன்.