மூன்றாவது வரி

மூன்றாவது வரியைத் தவிர
மனு முடிந்துவிட்டது.
மூஞ்சிக்கல்லில், ஜெராக்ஸ் கடை மாடியில்
ஒன்பது பேர் நாங்கள்,
ஒரு பிளாஸ்க் டீ, ஒரு ஒயிட்னர் பாட்டில்.
பனி ஜன்னல் வரை வந்து நின்றிருந்தது.

'ஆபாசக் காணொளிகள் அனைத்தையும் தடை செய்க'
என்று எழுதியிருந்தேன்.
வக்கீல் மங்கையர்க்கரசிக்கு அது போதவில்லை.
'அனைத்தையும்' அடியில் கோடு போடச் சொன்னார்.
பொம்பளையைப் பேரிக்காய் மாதிரி
கூறு கட்டி விற்கிற கடையில்
நல்ல கடை என்ன, கெட்ட கடை என்ன?
போட்டேன் கோடு.

அமலோற்பவம் அதுவரை பேசவில்லை.
படத்தில் இருப்பது அவள்தான்.
ஏழாம் நம்பர் அறை. காலி செய்து போனவர்கள்
கீசரில் மிச்சம் விட்ட வெந்நீர்.
பதினோரு அறை துடைத்த முதுகில்
அதை அவள் ஊற்றிக்கொண்டது
நாலு நிமிஷம்.
ப்ளக் பாயிண்டுக்குள் ஒரு கண் இருந்திருக்கிறது.

"ஆபாசம்னு எழுதாதீங்க.
நான் குளிச்சேன். அவ்வளவுதான்.
ஸ்டேஷன்ல ரைட்டரும் ஆபாசம்னுதான் எழுதினார்.
எழுதிட்டு, சாட்சிக்குன்னு
மூணு தடவை போட்டுப் பார்த்தார்."

யாரோ டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

கதவோரம் ரெஜினா சிரித்தாள்.
ராத்திரி பதினோரு மணிக்கு மேல்
செல்போன் முன்னால் உட்கார்ந்து
மகனுக்கு ஹாஸ்டல் ஃபீஸ் கட்டுகிறவள்.
எங்களுக்குத் தெரியும்.
தெரியாத மாதிரி இருப்போம்.
"கோடு போட்ட அந்தச் சொல்லை எடுத்துக்கிட்டு
முதல்ல யார் கதவைத் தட்டுவாங்க?
லாட்ஜ் ஓனர் கதவையா?
என் கதவு தகரம், அக்கா."

"நீ விரும்பியா செய்யுற?" வக்கீல் கேட்டார்.

"ஏரிக்கரையில குதிரைச் சாணி அள்ளுறவளை
யாராச்சும் அப்படிக் கேட்டிருக்கீங்களா?"

"சாணி அன்னிக்கே முடிஞ்சுபோகும்.
இது நீ செத்தப்புறமும் ஓடும், ரெஜினா."

அதற்கு அவளிடம் பதில் இல்லை.
என்னிடமும்.

'ஆபாச'த்தின் மேல் ஒயிட்னர் தடவி
'சம்மதமில்லாத' என்று எழுதினேன்.
சம்மதத்தை அடித்தும் வாங்கலாம் என்றார் வக்கீல்.
என் புருஷன் வாங்கியிருக்கிறான்,
அதை நான் சொல்லவில்லை.
மறுபடி தடவினேன்.
மேடு தட்டிப்போன இடத்தில்
பேனா வழுக்கியது.

"நாலாவதா ஒண்ணு எழுதுங்க," அமலோற்பவம் சொன்னாள்.
"அறை துடைக்கிறவங்களுக்கு வெந்நீர்.
தாழ்ப்பாள் உள்ள குளியலறை."
ஒன்பது கையும் உயர்ந்தன.

மூன்றாவது வரி இன்னும் ஈரமாயிருந்தது.
இந்தக் குளிரில் எதுவும் லேசில் காய்வதில்லை.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
கீழிருந்து கடைக்காரர் கேட்டார்:
"எத்தனை காப்பி?"