கேட், ஐந்தாம் வடிவம்

பதினொரு கணினியில் நாலுதான் உயிரோடு இருக்கிறது.
அதிலும் ஒன்று, விசிறியைப் போட்டால் அணைந்துவிடும்.
ஆகவே வியாழக்கிழமைகளில்
வேர்த்துக்கொண்டேதான் வடிவமைப்பு வகுப்பு.

முதல் நாள் சொன்னேன்:
தினமும் உங்களைப் படுத்தும் ஒன்றை எடுங்கள்,
அதற்கு ஒரு திரை வரையுங்கள்.
அல்போன்ஸ் தன் அண்ணனை வரைந்தான்.
நான் சொன்னதில்தான் ஏதோ பிசகு.
லோகேஸ்வரி
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை எடுத்தாள்.

அவள் வீடு அந்தப் பக்கம், பள்ளி இந்தப் பக்கம்.
நடுவில் துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ்,
பெட்டி எண்ணத் தொடங்கினால்
ஐம்பத்தெட்டில் மறந்துபோகும் நீளம்.
பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே
சிவப்பு மையில் பதினேழு தாமதம்.
ரயிலுக்கு யாரும் சிவப்பு போடவில்லை.

முதல் வடிவம் ஒரு கடிகாரம்.
'கேட் திறக்க இன்னும் எட்டு நிமிடம்.'
எழுத்து ஊதா, பின்னணி ரோஜா,
மூலையில் ஒரு பட்டாம்பூச்சி.
அது எதற்கு என்றேன்.
"சும்மா நிக்கச்சொல்ல பாக்கறதுக்கு, மிஸ்."
எடுத்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அச்செடுத்து அட்டையில் ஒட்டிக் கொடுத்தேன்.
கேட்டில் நிற்பவர்களிடம் காட்டு,
அவர்கள் சொல்வதை மட்டும் எழுது,
எதிர்த்துப் பேசாதே.

மீன்கூடைக்காரம்மா: எட்டு நிமிசம்னு யாரு சொன்னது, உங்கொப்பனா?
ஷேர் ஆட்டோக்காரர்: கண்ணாடி எடுத்தாரல, நீயே படி.
பைக்கைச் சாய்த்துக் கம்பிக்கடியில் நுழைந்தவர்:
ஒண்ணும் சொல்லல. பூட்டாரு.
கைக்குழந்தையோடு ஒரு அக்கா:
நேரம் கெடக்குது. இது போனா தொறப்பானா,
பின்னாடியே இன்னொண்ணு கீதா?
அத்த சொல்லு மொதல்ல.

நோட்டில் நான் போட்டுத் தந்தவை மூன்று கட்டங்கள்.
நினைத்தது. நடந்தது. மாற்றப்போவது.
முதலில், 'டைம் சொன்னா போதும்னு நெனச்சேன்.'
அடுத்ததில், 'ரயில் போற பக்கம் யாரும் பாக்கல.
எல்லாரும் வர்ற பக்கம் பாக்கறாங்க.'
மூன்றாவது ஒரு வாரம் காலியாகக் கிடந்தது.
நிரப்பு என்று சொல்லிவிடாதிருக்க
கைகளைக் கட்டிக்கொண்டு
ஜன்னலருகே போய் நின்றேன்.

பிறகு ஒரே மூச்சில்
கடிகாரம் போயிற்று, எண் போயிற்று, ஊதாவும் போயிற்று.
அழித்ததை மீட்கும் பொத்தானை முபீனா காட்டினாள்.
"வேணாம், போனது போவட்டும்."

ஐந்தாம் வடிவத்தில் எழுத்தே இல்லை.
ஒரு கறுப்புப் பெட்டி: இப்போது போகும் ரயில்.
அதன் பின்னால் இன்னொரு பெட்டி.
அதுவும் கறுப்பென்றால் வண்டியை அணை,
வெறும் கோடென்றால் கிக்கரில் கால் வை.
கண்ணாடி இல்லாமலே தெரிகிற அளவு.
பட்டாம்பூச்சி அப்படியே இருந்தது.

வகுப்பு கைதட்டி ஓய்ந்தபின் அல்போன்ஸ் கேட்டான்:
"பின்னாடி ரயில் வருதுன்னு
கம்ப்யூட்டருக்கு யாரு சொல்லுவா?"
விசிறி இல்லாத அறை இன்னும் சூடானது.
என்னிடம் பதில் இல்லை.
பதில் இருப்பதுபோல முகத்தை வைத்துக்கொள்ளும் பழக்கத்தை
அன்று முழுதாக மறைக்க முடியவில்லை.
லோகேஸ்வரி ஸ்கேல் எடுத்து
நோட்டில் நாலாவது கட்டம் போட்டாள்.
தலைப்பு, 'தெரியாதது'.
கீழே, 'கேட் அண்ணனைக் கேட்டாத்தான் தெரியும்.
அவர் பேரும் தெரியாது.'

அன்றிரவு என் நோட்டிலும்
ஒரு நாலாவது கட்டம் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கேட் மூடியிருந்தது.
கூட்ஸ் ஊர்ந்துகொண்டிருந்தது.
பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே
துண்டு துண்டாக அந்தப் பக்கம்:
கேபின் ஜன்னல்,
இரட்டைப் பின்னல்,
தூக்கிப் பிடித்த அட்டை,
அதை வாங்க நீளும் ஒரு காக்கிக் கை.

அவர் என்ன சொன்னாரோ,
சக்கரச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.
என்னைச் சுற்றி நின்றவர்களோடு சேர்ந்து
நானும் கழுத்தைத் திருப்பி
வர்ற பக்கம் பார்த்தேன்.