போகிக்கு இரண்டு டன்

இரவு ஒன்றரைக்கு மீனம்பாக்கத்தில்
கொல்கத்தா விமானத்துக்கு வழி எழுத உட்கார்ந்தேன்.
காற்று, எடை, ஓடுபாதை அறிவிப்புகள்,
வங்கக் கரையோரம் ஒன்றன்பின் ஒன்றாக
எந்த மொழியிலும் பொருள் இல்லாத
ஐந்தெழுத்துப் பெயர்கள்.
ஐந்தெழுத்தை ஓதிக் கரையேறிய ஊர்,
நமக்கென்ன புதிதா.

போய்ச்சேர இவ்வளவு,
அதில் நூற்றுக்கு ஐந்து தவறுக்கு,
இறங்க முடியாவிட்டால் வேறூர் போக இவ்வளவு,
கடைசியாக முப்பது நிமிடம்.
அதைத் தொடும் நிலை வந்தால்
வானம் முழுக்கக் கேட்கும்படி
மேடே சொல்ல வேண்டும்.

வேறூர் பெங்களூர் என்றிருந்தது.
விடியலில் அங்கே மூடுபனி. அடித்தேன்.
ஹைதராபாத் என்று எழுதினேன்.

எனக்கு இது வீட்டுப் பழக்கம்.
கொருக்குப்பேட்டை கேட் மூடினால் வைத்தியநாதன் பாலம்,
பாலத்தில் கன்டெய்னர் நின்றால்
மணலி சுற்றி.
வேறு வழி எழுதாமல்
பால் வாங்கக்கூட இறங்கியதில்லை நான்.

வானிலைக் குறிப்பில் புகைக்கு இரண்டு எழுத்து உண்டு.
போகிக்கு எழுத்தே இல்லை.

கூடுதலாக இரண்டு டன் போட்டேன்.
கூடுதலுக்குக் காரணம் கேட்கும் கட்டம்
ஒரு வரிதான் கொள்ளும்.
'உள்ளூர் வழக்கம்' என்று அடித்தேன்.

கேப்டன் மொகந்தி போனில் வந்தார்:
முன்னறிவிப்பில் அப்படி ஒன்றும் இல்லையே, எழிலரசி?
எங்கள் தெரு டில்லிபாபு
ஏழு லாரி டயர் சேர்த்து வைத்திருக்கிறான், சார்.
பக்கத்துத் தெருவில் எத்தனை என்று தெரியாது.
சிரித்தார்.
பிறகு சிரிக்காமல்,
சரி, ஏற்றுங்கள் என்றார்.
ஒரே தாளில் இரண்டு கையெழுத்து.
ஏதாவது ஆனால் கூண்டில் இருவரும்.

ஆறு பத்துக்கு மகன் படம் அனுப்பினான்:
கழுத்தில் மேளம், பின்னால் கறுப்பு.
'அணைடா' என்று தட்டினேன்.
அழித்தேன்.
அவனுக்கு ஒன்பது வயது, அவன் ஊதி அணைகிறதா அது.

ஆறு நாற்பதிலிருந்து
பழவேற்காட்டுக்கு மேலே
ஓர் ஓமப்பொடி வட்டம் போல
திரையில் சுற்றியது என் விமானம்.
முன்னால் வந்த இரண்டு திரும்பிப் போயின.
டீ ஆறியது.
ஓடுபாதையில் பார்வை நானூறு மீட்டர்.
நானூற்றைம்பது.
திரும்ப நானூறு.
எழுதியவளுக்கு இனி எழுத ஒன்றும் இல்லை.

ஏழு இருபத்திரண்டுக்குச் சக்கரம் பட்டது.
போகிக்கு ஏற்றியதில்
நானூறு கிலோ மிச்சம்.

ஒன்பதுக்கு வீடு திரும்பினால்
கேட் மூடியிருந்தது. பாலம்.
எங்கள் தெருவில் டயர்கள் இருந்த இடத்தில்
ஏழு கம்பி வளையங்கள்,
இன்னும் சூடு.
நடுவில் தோல் கிழிந்த மேளம்.

டில்லிபாபு என் ஸ்கூட்டர் முன்
குந்தி உட்கார்ந்து பார்த்தான்.
"இன்னாக்கா, பின்னாடி டயரு தேஞ்சிகீது.
அடுத்த போகிக்கு எனக்குத்தான், சொல்லிட்டேன்."

குனிந்து பார்த்தேன்.
தேய்ந்துதான் இருந்தது.